மெல்லிசைக் குழு ஒத்திகையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் கவனிக்க வேண்டியவை

திரைப்பாடல்களை மேடையில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேரும் பேஸ் கலைஞர்கள் ஒத்திகை முடிந்ததும் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தாம் வாசித்தது தமக்கே கேட்கவில்லை என்பார்கள். பாடகருக்காக ஸ்ருதியை மாற்றியதும் கை தடுமாறியது என்பார்கள். கீபோர்டுக்காரரின் இடது கை தம் வேலையை எடுத்துக்கொண்டது என்பார்கள். இந்தக் குறைகளுக்கு ஒலியைக் கூட்டுவது அநேகமாகத் தீர்வாவதில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எந்த ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை உடன் வாசிப்பவர்களோடு பேசி முடிவு செய்துகொண்டால் பெரும்பாலானவை தாமே மறைந்துவிடும். அந்த முடிவுகளை எப்போது, எவ்வாறு எடுப்பது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

ஒத்திகைக்கு முன்

பாடல் பட்டியல் வாட்ஸ்ஆப்பில் வந்து சேர்ந்தவுடன் பேஸைக் கையில் எடுக்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு பாடலையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மிகக் குறைவாகவே வெளியிடும். பேஸ் கிட்டாரின் திறந்த 'ஈ' தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே கைபேசியில் நீங்கள் கேட்பது அந்த ஸ்வரத்தின் மேலொலிகளை மட்டுமே. அதை நம்பி வரியை எடுத்தால் ஸ்தாயியில் பிழை வரும், சில இடங்களில் ஸ்வரமே பிழையாகும்.

பிறகு பாடலின் அமைப்பை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல்லவி எத்தனை 'பார்' (தாளத்தின் ஒரு சுற்று), முதல் இடையிசை எத்தனை பார், சரணத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எங்கே மாறுகிறது, இரண்டாம் இடையிசை முதலாவதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பனவே அந்தத் தாளில் இருக்க வேண்டியவை. தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கலைஞர் தொலைந்துபோகும் இடம் பெரும்பாலும் இரண்டாம் இடையிசைதான். அங்கே தாளம் மாறலாம், ஸ்ருதி மாறுவதுபோன்ற ஒரு நகர்வு வரலாம், இரண்டு பார்கள் முழு மௌனமாகக்கூட இருக்கலாம். பல்லவியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிவிட்டு இடையிசையை ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது, குழுவில் உள்ள மற்ற அனைவரின் நேரத்தையும் செலவழிப்பதாகும்.

தாளில் கார்டுகளை 'ஜி', 'சி', 'டி' என்று எழுதுவதைவிட, ஸ்ருதியிலிருந்து எண்ணி ஒன்று, நான்கு, ஐந்து என்றோ, ச, ம, ப என்றோ எழுதுவது நல்லது. நாளை பாடகர் வந்து ஸ்ருதியை மாற்றச் சொன்னால் எழுத்துகள் எல்லாம் பயனற்றுப் போகும். எண்கள் அப்படியே நிற்கும். பழைய பாடல்களின் இணையப் பிரதிகள் பல, ஒலிநாடாவிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் மாற்றப்பட்டபோது வேகம் சற்று விலகியதால், 'ஏ' ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அந்தப் பிரதியோடு சேர்த்துப் பழகுவதற்காகத் தந்தியை முறுக்கியிருந்தால், ஒத்திகைக்குப் புறப்படும் முன் டியூனரை வைத்து மீண்டும் 440க்குக் கொண்டுவந்துவிடுங்கள். கீபோர்டு அந்த அளவில்தான் இருக்கும்.

கட்டையும் ஸ்ருதி மாற்றமும்

நம் பாடகர்கள் ஸ்ருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டு என்றால் டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் வந்துவிடும். இந்தக் கணக்கை யோசிக்காமல் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். கிட்டார் வகுப்பில் ஆங்கில எழுத்துகளை மட்டும் கற்று வந்தவர்கள் முதல் ஒத்திகையில் திகைப்பது இங்கேதான்.

அடுத்து வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி ஸ்ருதியை ஒரு கட்டை உயர்த்தியிருந்தால், அவர் விரல் 'சி'யில் இருக்கும், ஒலிப்பதோ 'டி'யாக இருக்கும். "என்ன கார்டு?" என்று கேட்டால் அவர் தம் விரலைப் பார்த்து "சி" என்பார். லீட் கிட்டார்காரர் இரண்டாம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) கேப்போ எனும் கவ்வியைப் போட்டு 'ஜி' வடிவத்தைப் பிடித்திருந்தால், உண்மையில் ஒலிப்பது 'ஏ'. ஆகவே ஒத்திகை தொடங்கும்போதே, "ஒலிக்கும் கட்டையைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவது நல்ல பழக்கம். மற்றவர்கள் சொல்லும் பெயர் ஒலியோடு ஒத்துப்போகாவிட்டால் உங்கள் காதையே நம்புங்கள். பேஸ் தவறான ஸ்வரத்தில் இறங்கினால் மேலே சரியாக வாசிப்பவர்கள் அனைவரும் தவறாக வாசிப்பதுபோலக் கேட்கும்.

ஸ்ருதி இறங்கும்போது நான்கு தந்தி பேஸுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூன்று கட்டையில் பதிவான பாடலை ஆண் பாடகருக்காக இரண்டு கட்டைக்கு இறக்கினால், அடித்தளமாக இருந்த தாழ்ந்த 'ஈ' இப்போது 'டி' ஆக வேண்டும்; அது நான்கு தந்தியில் இல்லை. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஐந்து தந்தி பேஸ் இருந்தால் 'பி' தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் அந்த 'டி' கிடைக்கும். நான்காம் தந்தியான 'ஈ'யை 'டி' வரை தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தந்தியில் எல்லா ஸ்வரங்களும் இரண்டு ஃபிரெட் மேலே நகர்ந்துவிடும் என்பதால் வீட்டில் பழகாமல் ஒத்திகையில் முயல்வது ஆபத்து. மூன்றாவது வழி, 'ஏ' தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் உள்ள 'டி'யைப் பிடித்து வரியை ஒரு ஸ்தாயி மேலே மடிப்பது. அப்படி மடிக்கும்போது ஒரு சொற்றொடரின் நடுவில் மடிக்காதீர்கள். படிப்படியாக இறங்கி வரும் ஒரு நடை, கடைசி ஸ்வரத்தில் திடீரென்று மேலே குதித்தால் அந்த இறக்கத்தின் பொருளே கெட்டுவிடும். முழு இறக்கத்தையும் மேல் ஸ்தாயியில் வாசித்தால் பருமன் குறைந்தாலும் வடிவம் காப்பாற்றப்படும்.

இந்த வடிவத்தைக் காப்பது இளையராஜாவின் பாடல்களில் மிகவும் முக்கியம். அவர் ஒவ்வொரு கருவிக்கும் இசைக்குறிப்பு எழுதிக் கொடுப்பவர்; சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்த பேஸ் வரிகள் பல இடங்களில் பாடும் மெட்டுக்கு எதிராக ஓடும் இன்னொரு மெட்டாகவே இருக்கின்றன. கார்டின் மூல ஸ்வரத்தை விட்டுவிட்டு அதன் மூன்றாம் ஸ்வரத்திலோ ஐந்தாம் ஸ்வரத்திலோ பேஸ் நிற்கும் இடங்கள் ஏராளம். "சும்மா ரூட் மட்டும் வாசித்தால் போதும்" என்று யாராவது சொன்னால், முதல் முறை அவ்வாறே வாசியுங்கள், பாடல் ஓடட்டும். இரண்டாம் முறை எழுதப்பட்ட வரியை வாசித்துக் காட்டுங்கள். வித்தியாசத்தைக் கேட்டபின் மறுப்பவர் எவரும் இருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. மாறாக, எழுபதுகளின் தொடக்கம்வரை வந்த பல பாடல்களில் பேஸ் எளிமையாகத்தான் இருக்கும்; அங்கே நம் திறமையைக் காட்டக் கூடுதல் ஸ்வரங்களைச் சேர்ப்பது அந்தப் பாடலுக்குச் செய்யும் தீங்கு.

அறையும் ஒலியும்

வாடகை ஒத்திகை அறைகள் பெரும்பாலும் சிறியவை. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் சற்று அதிகம். நான்கு மீட்டர் சொச்சம் நீளமுள்ள அறையில் அந்த அலையின் பாதி சரியாகப் பொருந்திவிடுவதால், திறந்த 'ஈ' சுவரோரத்தில் இடியாக முழங்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். நீங்கள் நடுவில் நின்றுகொண்டு "பேஸ் இல்லை" என்று குமிழைத் திருப்பும்போது, சுவரில் சாய்ந்து நிற்கும் பாடகருக்குக் காது அடைத்துப்போகும். ஆம்ப்ளிஃபயரை அமைத்ததும், நீண்ட கேபிளோடு அறையை ஒருமுறை சுற்றி வந்து நான்கைந்து இடங்களில் கேட்டபின் ஒலி அளவை முடிவு செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி தேவையில்லாமல் பெருகும். மூலையிலிருந்து தள்ளி, முடிந்தால் ஒரு நாற்காலியின் மேல், உங்கள் காதை நோக்கி வையுங்கள். தரையில் வைத்து அதன் அருகே நின்றால் நடு அலைவரிசை ஒலி உங்கள் முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும்.

வீட்டில் மெல்லிய ஒலியில் அமைத்த தொனியை ஒத்திகைக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஸ்வரங்களை இன்னும் குறைத்தே உணர்கிறது; அதை ஈடுகட்ட நாம் பேஸ் குமிழைக் கூட்டி வைத்திருப்போம். ஒலி பெருகியதும் அதே அமைப்பு குமுறலாக மாறிவிடும். ஆகவே ஒத்திகையில் பேஸ் குமிழை நடுநிலைக்கோ அதற்குக் கீழேயோ இறக்கி, 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைச் சிறிது உயர்த்துங்கள். தனியாகக் கேட்டால் அந்தத் தொனி சற்று முரடாக இருக்கும். குழு முழுவதும் வாசிக்கும்போது அதுதான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரித்துக் காட்டும்.

பேஸுக்கென்று ஆம்ப்ளிஃபயர் இல்லாத அறைகளும் உண்டு. அங்கே டிஐ பாக்ஸ் (பேஸின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றவாறு மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸரில் இணைப்பது நல்லது. சிறிய லீட் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பேஸை இணைத்து ஒலியைப் பெருக்கினால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோக வாய்ப்புண்டு. மின்சாரத்தைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில், தந்தியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் மின் அதிர்ச்சி ஏற்படலாம். கோரஸ் பாடும் பேஸ் கலைஞர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே மின்வழியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறையும் என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

ஆக்டிவ் வகை பேஸில், அதாவது உள்ளே மின்சுற்று உள்ளதில், கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். தேநீர் இடைவேளையில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பையில் மாற்றுப் பேட்டரி ஒன்றும் மாற்றுக் கேபிள் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

தாளக்காரரோடு

ஒத்திகையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நிற்கும் இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். டிரம்ஸ் இருந்தால் ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு) இருக்கும் பக்கத்தில், வாசிப்பவரின் கால் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்மின் ஒலி காதுக்கு வரும் முன்பே காலின் அசைவு அதை அறிவித்துவிடும். டிரம்ஸ் இல்லாமல் ரிதம் பேடு (தட்டினால் தாள ஒலிகள் தரும் மின்கருவி) மட்டும் இருக்கும் குழுவில், பேடு வாசிப்பவரின் கைகள் தெரிய வேண்டும். அங்கே கிக் ஒலியையும் குச்சியால்தான் தட்டுகிறார்கள் என்பதால், எந்தத் தட்டில் கிக் இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடகர்கள் வருவதற்கு முன் பதினைந்து நிமிடம் கிடைத்தால், பேஸும் தாளமும் மட்டும் சேர்ந்து ஒவ்வொரு பாடலின் பல்லவியையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும். அப்போது முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, கிக் விழும் எந்தெந்த இடங்களில் பேஸும் விழ வேண்டும் என்பது. எல்லா இடங்களிலும் சேர்ந்து விழ வேண்டிய கட்டாயம் இல்லை. பாரின் முதல் தட்டு கட்டாயம், மற்றவற்றைப் பேசி முடிவு செய்யலாம். இரண்டாவது, ஸ்வரத்தின் நீளம். புதியவர்கள் ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதில் காட்டும் அக்கறையை அது எங்கே முடிகிறது என்பதில் காட்டுவதில்லை. ஸ்னேர் (டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் சிறு முரசு) அடி விழும் கணத்தில் பேஸ் ஸ்வரத்தை நிறுத்திப் பாருங்கள். ஸ்னேர் உடனே கூர்மையாகும், பாடல் நிமிர்ந்து நடக்கத் தொடங்கும், யாரும் வேகத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். இடது கை விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவதும், வாசிக்காத தாழ்ந்த தந்தியின் மேல் வலது கைக் கட்டைவிரலைச் சாய்த்து வைப்பதும் இதற்கான வழிகள். பேஸ் அதிகமாக இருக்கிறது என்று குழுத் தலைவர் சொல்லும்போது, ஒலியைக் குறைக்கும் முன் ஸ்வரத்தின் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அவர் உண்மையில் கேட்டது அதுவாகவே இருக்கும்.

தபேலாவும் டோலக்கும் இருக்கும் பாடல்களில் இது இன்னும் தேவை. அவற்றின் இடப்பக்க ஒலி பேஸ் கிட்டாரின் பகுதியிலேயே ஒலிக்கிறது. தபேலாவின் இடக்கை முரசான டக்காவின் ஒலி வளைந்து எழும்போது அதன் அடியில் பேஸ் நீண்டு கிடந்தால் இரண்டும் கேட்காது. திஸ்ர நடைப் பாடல்களில், அதாவது குழுவினர் 'சிக்ஸ் எயிட்' என்று சொல்பவற்றில், ஒன்றாம், நான்காம் எண்ணிக்கைகளை மட்டும் பேஸ் பிடித்துக்கொண்டு, இடையில் உள்ளதை டோலக்குக்கு விட்டுவிடுவது நல்ல தொடக்கம். ஓட்டம் உறுதிப்பட்டபின் மூன்றாம், ஆறாம் எண்ணிக்கைகளில் சிறு ஸ்வரங்களைச் சேர்க்கலாம்.

பாடகர் உணர்ச்சிவசப்பட்டு வேகமெடுக்கும்போது பேஸ் அவரோடு ஓடக் கூடாது. தாளக்காரரோடு நிற்க வேண்டும். பாடல் நன்றாக அமைந்த ஒருமுறையில் அதன் வேகத்தைக் கைபேசி மெட்ரோனோமில் தட்டி அளந்து, அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் தொடக்கத்தை எண்ணிக் கொடுப்பவருக்கு அது பெரிய உதவி.

கீபோர்டுக்காரரின் இடது கையைப் பற்றித் தயங்காமல் பேசிவிட வேண்டும். தனியாகப் பழகியவர்கள் இடது கையால் பேஸ் ஸ்வரத்தையும் சேர்த்தே வாசிப்பார்கள். அது அவர்களுடைய குறை அன்று, பழக்கம். அனைவர் முன்னும் குற்றமாகச் சொல்லாமல், இடைவேளையில் அருகே போய், "அண்ணே, பல்லவியில மட்டும் இடது கைய ஒரு ஸ்தாயி மேல வெச்சுக்கிறீங்களா? கீழ நான் பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள். கேட்ட அளவிலேயே பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பாடல்கள் பலவற்றில் பேஸே சிந்தசைஸரில் உருவானது. அங்கே கீபோர்டின் தாழ்ந்த ஒலியை அவர் வாசித்து, நீங்கள் அதன் மேல் ஸ்தாயியில் தாள அசைவை மட்டும் கொடுப்பதும் சரியான பங்கீடுதான்.

நிறுத்தும்போதும் பேசும்போதும்

குழுத் தலைவர் கையை உயர்த்தியதும் தந்திகளை உள்ளங்கையால் அடக்குங்கள். அவர் வயலின் பகுதியை விளக்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாக எதையாவது வாசித்துக்கொண்டிருப்பது, சுவர் வழியாக அறை முழுவதும் கேட்கும்; தாழ்ந்த ஒலிக்கு மறைவிடம் கிடையாது. டியூன் செய்ய வேண்டியிருந்தால் ஒலியை நிறுத்தும் பெடல் டியூனரோ, தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனரோ பயன்படுத்துங்கள். எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று கேட்கும்போது, இரண்டாம் இடையிசையின் ஐந்தாம் பாரிலிருந்து என்று சொல்லும் அளவுக்கு உங்கள் தாள் தெளிவாக இருந்தால், குழு தானாகவே உங்களிடம் கேட்கத் தொடங்கும்.

ஒத்திகையைக் கைபேசியில் பதிவு செய்வது நல்லது. ஆனால் அதை வைத்துத் தொனியை மதிப்பிட வேண்டாம், தாழ்ந்த ஒலி அதில் சரியாகப் பதியாது. ஸ்வரமும் கிக்கும் சேர்ந்து விழுகின்றனவா என்பதை மட்டும் கேளுங்கள்.

காதைக் காப்பதும் வேலையின் ஒரு பகுதி. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. அந்தக் கணக்கில் 97 டெசிபலில் அரை மணி நேரம்தான். சிறு அறையில் டிரம்ஸ் அருகே நிற்பவருக்கு அது மிக விரைவில் முடிந்துவிடும். பஞ்சுபோன்ற சாதாரணக் காதடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் தடுப்பதால் பேஸ் மங்கிக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குவது வீண் செலவு அன்று.

முடிவுகளை முடிவு செய்தல்

ஒத்திகையில் பெரும்பாலும் நேரமில்லாமல் விடப்படுவது பாடல்களின் முடிவு. பதிவில் பல பாடல்கள் பல்லவி மீண்டும் மீண்டும் ஒலித்து மங்கி மறைகின்றன; மேடையில் அவ்வாறு மறைய முடியாது. பல்லவியின் முதல் வரி எத்தனை முறை, கடைசி முறையில் வேகம் தளர்கிறதா, இறுதி ஸ்வரத்தில் அனைவரும் சேர்ந்து நிற்பதா, அல்லது தாளம் முதலில் நின்று பேஸும் கீபோர்டும் நீள்வதா என்பதை ஒவ்வொரு பாடலுக்கும் வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சைகை கொடுப்பவர் யார் என்பதும் முடிவாக வேண்டும். பாடகர் அவையை நோக்கி நிற்பதால் அவரால் முடியாது. தாளக்காரரின் கை ஓய்வதில்லை. பெரும்பாலும் கீபோர்டுக்காரரோ நீங்களோதான் தலையசைக்க வேண்டியிருக்கும். கடைசி ஸ்வரத்தை எப்போது அடக்குவது என்பதையும் அந்தத் தலையசைப்போடு சேர்த்தே பழகுங்கள், ஏனெனில் அனைவரும் நின்றபின் பேஸ் மட்டும் அரை நொடி நீண்டால் அவையில் உள்ள அனைவருக்கும் அது தெரியும்.

புறப்படும் முன், மாற்றிய கட்டைகளையும் முடிவுகளையும் ஒரே செய்தியாகக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஒலியை முழுவதும் இறக்கியபின் கேபிளைக் கழற்றுங்கள்.